நெஞ்சு நோவு

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.9.1988

நூர்பானுவுக்கு,

அய்யூப் எழுதுகிறேன். உன் அண்ணன் என்று எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிவாசல் தெருவில் நாலு பேர் கேட்க, எனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொன்னவன் நான். இந்தக் கடிதம் அந்தப் பேச்சை மாற்றாது. ஒரு வேலை இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பதினோரு ஜட்கா இருந்தது உனக்குத் தெரியும். இப்போது ஏழுதான். மூன்று வாரத்தில் நாலு குதிரை செத்துவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போகும்போதே வியர்த்துக் கொட்டும், பின்னங்கால் பின்னும், அப்படியே சாயும். சூசையின் குதிரை தேரடியில் சவாரியோடு விழுந்தது. உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நகராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் இடம் எட்டு மாதமாகக் காலி. அதனால் இவரே டாக்டர். "என்னப்பா சீக்கு?" என்று கேட்டார். "நெஞ்சு நோவு சார்" என்றேன். நாம் அப்படித்தானே சொல்வோம். அவர் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எல்லோரும் போட்டோம். என்ன எழுதினார் என்பது நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. மார்பில் தொற்றுநோயாம். மனிதருக்கும் பரவுமாம். ஸ்டாண்டை மூட வேண்டுமாம். மிச்சமுள்ள ஏழு குதிரைகளையும் வரும் 30-ஆம் தேதி ஊசி போட்டுக் கொல்லப் போகிறார்களாம். மறுநாளே ஸ்டாண்டில் குழி தோண்டி 'ஆட்டோ நிறுத்தம்' என்று போர்டு நட்டுவிட்டார்கள். சீக்கைவிட போர்டு வேகமாகப் பரவுகிறது.

என் குதிரை மைனாவுக்கும் இரண்டு நாளாக வியர்க்கிறது. கழுத்து நரம்பு துள்ளுகிறது.

நீ ராஜபாளையத்தில் ரத்தம் பார்க்கிறாயாமே. குதிரை ரத்தம் பார்ப்பாயா? முடியும் அல்லது முடியாது, ஒரு வார்த்தை எழுது. அறிவுரை வேண்டாம்.

அய்யூப்


இராஜபாளையம்
7.9.1988

அண்ணனுக்கு,

முடியும்.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை எழுதிவிட்டேன். இனி எழுதுவது எனக்காக.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மதுரை பஸ் ஏறினேனே, எவனோடும் ஓடவில்லை. லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாள் அது. நீங்கள் பார்த்த மாப்பிள்ளை சேக் முகைதீன், கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு எதற்கு என்று சொல்லி அனுப்பினார். நீங்களும் தலையாட்டினீர்கள். போய்விட்டேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பதினோரு கிலோமீட்டர். அதைத் தாண்ட உங்கள் குதிரைக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மில் முதலாளிகள் இடது கையைப் பிடித்துக்கொண்டு காரில் வந்து இறங்கினால், இங்கே உடனே ரத்தம் எடுத்து இதயச் சோதனை செய்வோம். இதயத் தசை சிதைந்தால் அதிலிருந்து சி.பி.கே. என்ற பொருள் கசிந்து ரத்தத்தில் கலக்கும். அதை அளக்கலாம். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற பெண்கள் நெஞ்சு வலி என்று வந்தால் வாயு மாத்திரையோடு திருப்பி அனுப்புவார்கள். இந்த லேப்பைப் பொறுத்தவரை காரில் வருகிறவர்களுக்குத்தான் இதயம் உண்டு. குதிரைக்கும் உண்டு என்று நான் காட்டுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். நெஞ்சு என்று எதைச் சொன்னீர்கள்? இதயத்தையா, நுரையீரலையா? அதிகாரி நுரையீரல் என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஒரு வார்த்தைக்கு இரண்டு உறுப்பு, ஏழு உயிர். குதிரைகளுக்குச் சளி உண்டா? இருமல்? காய்ச்சல்? மூத்திரம் என்ன நிறம்?

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சமுத்திரத்தை விட்டுக் கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சுத்தமான சின்னப் பாட்டிலில் பிடித்து, கண்டக்டர் பொன்னுராஜிடம் கொடுத்தால் என்னிடம் சேர்ந்துவிடும். டாக்டர் முதலாளி மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்றாகும் திரும்ப. அந்த நேரம் போதும்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.9.1988

நூர்பானுவுக்கு,

சளி இல்லை. இருமல் இல்லை. சமுத்திரம் பார்த்தார், காய்ச்சலும் இல்லை. மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறம். நெஞ்சு என்றால் துடிக்கிறதே, அதுதான். வேறு எதை நெஞ்சு என்பார்கள்?

நாலு குதிரைக்கு ரத்தம் எடுத்தோம். மைனா காதை மட்டும் பின்னால் மடக்கிக்கொண்டு பேசாமல் நின்றாள். நம் ஸ்டாண்டு வண்டிக்காரர் பக்கீர் முகமது உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "ஏலே அய்யூப், நேத்து வரைக்கும் தவிடு தின்ன களுத, இன்னைக்கு மில் மொதலாளி ஆயிட்டாளே! காரு எங்கலே?" என்றார். சூசைகூடச் சிரித்தான். அவன் குதிரை செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

சுத்தமான பாட்டில் கேட்டிருந்தாய். உன் மதினி மெகராஜ் பேகம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நானே மூன்று தரம் அலசி, தண்ணீரை உதறிவிட்டுத்தான் பிடித்தேன். சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

அய்யூப்


இராஜபாளையம்
12.9.1988

அண்ணனுக்கு,

சுத்தத்தில் குறை இல்லை. சுத்தம்தான் குறை.

நாலு பாட்டிலும் வீண். ரத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சிவப்பணு வெடிக்கும், உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிக் கலந்துவிடும். மேலே தெளிய வேண்டிய நீர் ரோஸ்மில்க் மாதிரி வந்திருக்கிறது. அளந்தும் பார்த்தேன். கணக்கு தாறுமாறாக ஏறுகிறது.

அந்தக் கணக்கையே எழுதிக் கொடுத்தால் நமக்குச் சாதகம்தான். இதய நோய் என்று நன்றாகத் தெரியும், அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பார்க்காமல் எழுதியது அவர். நானும் அதையே செய்ய மாட்டேன்.

தப்பு என்னுடையதும்தான். சுத்தமான என்று எழுதினேன். காய்ந்த என்று எழுதியிருக்க வேண்டும். மறுபடியும் எடுங்கள். பாட்டிலை வெயிலில் காய வையுங்கள். ரத்தம் பிடித்த பிறகு இரண்டு மணி நேரம் ஆட்டாமல் வைத்தால் மஞ்சளாக ஒரு நீர் மேலே நிற்கும். அதை மட்டும் வேறொரு காய்ந்த பாட்டிலில் ஊற்றி அனுப்புங்கள். பஸ்ஸில் குலுங்காமல் எதிலாவது சுற்றுங்கள்.

இன்னொன்று. சீக்கில்லாத குதிரை ஒன்றின் ரத்தமும் வேண்டும். எங்கள் அட்டையில் இருப்பது மனிதனுடைய அளவு. குதிரைக்குக் குதிரையைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அப்படியே, எந்தக் குதிரை எங்கே நின்றது, என்ன தின்றது, எங்கே தண்ணீர் குடித்தது என்றும் எழுதுங்கள்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.9.1988

நூர்பானுவுக்கு,

காய்ந்த பாட்டில், மஞ்சள் நீர், நீ சொன்னபடி. குலுங்காமல் இருக்க மைனாவின் வாய்ப்பையில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். பையைத் திருப்பி அனுப்பு. அவளுக்குத் தீனி வைக்க வேறு பை இல்லை.

சீக்கில்லாத குதிரை நம் ஸ்டாண்டிலேயே ஒன்றுதான். பக்கீர் முகமதுவுடையது. செத்துப்போன இரண்டு குதிரைக்கு நடுவில்தான் அது நின்றது. ஒரே தொட்டியில்தான் தண்ணீர். அதற்கு ஒன்றுமே இல்லை. லாடத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது.

எல்லாக் குதிரையும் சேக் முகைதீன் கடைத் தவிடுதான் தின்கிறது. பக்கீர் மட்டும் வாங்குவதில்லை. மனிதர் கஞ்சன். ஸ்டேஷன் வேலியோரம் புல்லை மேய விட்டு, கொள்ளைக் கைப்பிடிக் கணக்கில் போடுவார்.

அந்தக் கடையில் நாங்கள் ஏன் வாங்குகிறோம் என்று நீ கேட்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். நீ போன மறுநாள் அவர் வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றவன் நான். "பொண்ணுதான் இல்லைன்னு ஆயிருச்சு, யாவாரமாச்சும் இருக்கட்டும்" என்றார். இனி உங்கள் கடைத் தீனிதான் என்று வாக்குக் கொடுத்தேன். மற்றவர்களையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கொள்ளு விலை ஏறியதிலிருந்து, ஆடி மாதம் முதல், கலப்புத் தவிடு என்று ஒன்று மலிவாகக் கொடுக்கிறார்.

அய்யூப்


இராஜபாளையம்
17.9.1988

அண்ணனுக்கு,

உட்கார்ந்து வாசியுங்கள்.

பக்கீர் முகமதுவின் குதிரையைப் போல் மைனாவுக்கு சி.பி.கே. ஒன்பது மடங்கு. மற்ற மூன்றுக்கும் ஆறு மடங்கு, ஏழு மடங்கு. கால் தசை சிதைந்தாலும் இது ஏறும் என்பதால், இதயத்திலிருந்து வரும் பங்கைத் தனியாகக் காட்டும் சோதனையையும் செய்தேன். அதுவும் ஏறியிருக்கிறது. கழுத்து நரம்பு துள்ளுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது இதயம்தான். நுரையீரல் இல்லை. நடுவில் நின்று, அதே தொட்டியில் குடித்த குதிரைக்கு ஒன்றும் இல்லை என்றால் தொற்றும் இல்லை.

இனி உங்கள் வாய்ப்பை. அதை நீங்கள் கலப்புத் தவிடு வந்த சாக்கில்தான் தைத்திருக்க வேண்டும். சாக்கை உள்பக்கம் திருப்பித் தைத்திருக்கிறீர்கள். உள்ளே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. தமிழில் எழுதுகிறேன்: பிராய்லர் கோழிகளுக்கு மட்டும். இதில் மருந்து கலந்துள்ளது. குதிரைகளுக்கு விஷம். குதிரைகள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கோழிப்பண்ணையில் மிஞ்சியதை வாங்கித் தவிட்டில் கலந்து உங்களுக்கு விற்றிருக்கிறார். கோழிக்கு மருந்து, குதிரையின் இதயத்தை அரிக்கிறது. மைனா அந்த எழுத்தின் மேல் மூக்கை வைத்துத்தான் தினமும் தின்றிருக்கிறாள்.

இந்த நாட்டில் விஷத்தைத் தமிழில் விற்கிறார்கள். எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அடிக்கிறார்கள்.

இன்றே நிறுத்துங்கள். ஏழு பேரிடமும் சொல்லுங்கள். மைனாவை வண்டியில் பூட்டவே வேண்டாம். ஒருமுறை இறந்த இதயத் தசை திரும்ப வளராது. இருக்கிற மிச்சத்தில்தான் அவள் வாழ வேண்டும்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.9.1988

நூர்பானு,

தவிட்டை நிறுத்திவிட்டோம். அது வேறு.

சேக் முகைதீன் கெட்டவர் இல்லை. பெருநாளுக்கு என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தவர். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நீ அவரை வேண்டாம் என்று போனவள். இப்போது நீயே ஒரு தாளில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தால், பழி தீர்க்கிறாள் என்று ஊர் சொல்லும். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

ரத்தத்தை மட்டும் எழுதிக் கொடு. கடையை விட்டுவிடு.

அய்யூப்


இராஜபாளையம்
21.9.1988

அண்ணனுக்கு,

பழி தீர்ப்பதாக இருந்தால் மூன்று வருஷம் காத்திருக்க மாட்டேன். அவரை எனக்கு நினைவே இல்லை. உங்களைத்தான் நினைவிருந்தது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சரி. கோழித் தீவனம் என்பது தெரியுமா தெரியாதா? தெரிந்ததைத் தவிடு என்று சொல்லி விற்றாரா இல்லையா? அதற்கு எந்த பாஷை வேண்டும்?

உங்களுக்கு வலிப்பது வேறு இடம். அந்தக் கடைக்கு மற்றவர்களைக் கூட்டிப்போனது நீங்கள். சூசையையும் நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். அதைச் சொல்ல வேண்டி வருமே என்று பயப்படுகிறீர்கள். சொல்லுங்கள். சொன்னால் சூசை அடிப்பான். வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். ரத்தமும் இருக்கிறது, சாக்கும் இருக்கிறது. லேப் தாளில் எழுதவில்லை, முத்திரையும் இல்லை. என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பையையும் அனுப்புகிறேன். அதில் இனித் தீனி வைக்காதீர்கள். அதிகாரியின் மேஜையில் வையுங்கள்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.9.1988

நூர்பானுவுக்கு,

சூசை அடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஸ்டாண்டுப் பக்கம் வரவில்லை. பிறகு, "எப்பவே ஆபீசுக்குப் போறோம்?" என்றான். அடித்திருந்தால் தேவலை.

நேற்றுப் போனோம். ஏழு குதிரையையும் கையில் பிடித்துக்கொண்டு நகராட்சி வாசலுக்கே போய்விட்டோம். அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு வராந்தா மேஜைக்கு வந்தார். சேக் முகைதீனும் நாலு பேரோடு வந்து நின்றார்.

"நெஞ்சு நோவுன்னு நீதானப்பா சொன்ன? கையெழுத்து இருக்கே" என்றார் அதிகாரி.

"எனக்கு நெஞ்சுன்னா இது சார்" என்று இடது பக்கம் தட்டிக் காட்டினேன். "நீங்க இருமுற நெஞ்சை எழுதிட்டிய."

ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை இல்லையே. யாரு இந்த நூர்பானு?"

"என் தங்கச்சி" என்றேன்.

சேக் முகைதீன் முன்னால் வந்தார். "சார், அது என்னைய வேண்டாம்னுட்டு ஓடுன பொண்ணு. அந்த வஞ்சத்துல எழுதியிருக்கு."

"வேண்டாம்னு சொன்னவளுக்கு எதுக்கு பாய் வஞ்சம்? வஞ்சம்னா உங்களுக்குல்லா இருக்கணும்" என்றார் பக்கீர் முகமது. வாசலில் நின்ற ப்யூன் சிரித்துவிட்டான்.

நான் பையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து மேஜையில் போட்டேன். "சார், இதை வாசிங்க. சத்தமா வாசிங்க." அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். "தமிழ்ல சொல்லுங்க சார், செத்தது தமிழ்க் குதிரை" என்றார் பக்கீர். அதிகாரி சொன்னார். குதிரைகளுக்கு விஷம் என்ற இடத்தில் அவருடைய குரல் இறங்கியது. சூசை திரும்பி சேக் முகைதீனைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இவர்களை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனது நான் என்பதையும் அங்கேயே சொன்னேன்.

கொல்லும் உத்தரவை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்து இல்லை, நிறுத்தம்தான். ஆட்டோ போர்டு அப்படியே இருக்கிறது. நாங்கள் அதன் கீழேயே குதிரைகளைக் கட்டியிருக்கிறோம்.

அய்யூப்


இராஜபாளையம்
4.10.1988

அண்ணனுக்கு,

சேக் முகைதீன் இங்கே வந்தார். டாக்டர் முதலாளியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்தது இது: குதிரை ரத்தம் பார்க்கும் தகுதி எனக்கு இல்லை, நான் கொடுத்த ரிப்போர்ட் தவறு, அதை ஏற்க வேண்டாம். நகராட்சிக்கு ஒரு பிரதி.

"மனுஷங்க லேப்ல களுத ரத்தம் பாத்திருக்க. போலீசுக்குப் போகாம விடுறேன். கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும்" என்றார். "குதிரை சார்" என்றேன். அதற்கும் கோபம்.

கையெழுத்துப் போட்டால் ரிப்போர்ட் செல்லாது. ரிப்போர்ட் செல்லாவிட்டால் நிறுத்திய உத்தரவு திரும்ப எழும். வரும் திங்கள்கிழமை வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.10.1988

தங்கச்சிக்கு,

போட்டுவிடு.

வீட்டை விட்டு, என்னை விட்டு, எங்கெங்கோ தங்கி நீ வாங்கிய வேலை. என் குதிரையால் அது போகக் கூடாது. மைனா இனி இழுக்க மாட்டாள் என்று நீயே எழுதிவிட்டாய். நான் ஆஸ்பத்திரிக் கட்டுக்கான காஸ் துணி மூட்டை ஏற்றும் வேலைக்குப் போகிறேன். இழுக்காத குதிரைக்காக, படித்த பெண் தெருவில் நிற்பதா? மற்றவர்களிடமும் கேட்டுவிட்டேன். சூசையும் போடச் சொல்கிறான். பக்கீர் மட்டும், "அந்தப் பிள்ளை போடாதுவே. ஒன்னைய மாதிரியா அது?" என்கிறார். அவர் பேச்சைக் கேட்காதே.

அன்றைக்கு உன்னைப் படிக்க வேண்டாம் என்று தடுத்தேன். இன்றைக்கு உன் வேலை போவதற்கும் நானே காரணம் என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அய்யூப்


இராஜபாளையம்
10.10.1988

அண்ணனுக்கு,

போடவில்லை.

இழுக்காத குதிரைக்காகவா என்று கேட்கிறீர்கள். இழுக்கிற வரைக்கும்தான் அதற்கு இதயம் என்றால், வாயு மாத்திரை கொடுத்து அனுப்புகிற என் முதலாளிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அதோடு, சாகப்போவது மைனா மட்டும் இல்லை. மற்ற ஆறும் இருக்கின்றன. பக்கீரின் குதிரைக்குச் சீக்கே இல்லை, அதையும் சேர்த்துத்தான் கொல்வார்கள். ஏழு பேர் சார்பில் எனக்கு வேலையைத் திருப்பித் தர உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்று காலையில் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: நான் குதிரையின் ரத்தம் என்று தெரிந்தே சோதித்தேன். அளவு சரி. யார் வேண்டுமானாலும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். நகராட்சிக்கு நானே பதிவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்பினேன். டாக்டர் வாசித்துவிட்டு என் பீரோச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். சம்பளம் கேட்டேன். அடுத்த வாரம் வா என்றார். இன்றைக்கே வேண்டும் என்று ரிசப்ஷனில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றரை மணிக்குக் கொடுத்தார்கள். காரில் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மதுரையில் என்னோடு படித்த ஜெயக்கொடி அங்கேயே ஒரு லேப்பில் இருக்கிறாள். அங்கே வைத்து மறுபடி பார்க்கலாம் என்கிறாள். அளவு குறைந்திருந்தால் சிதைவு நின்றுவிட்டது என்று அர்த்தம். அதையும் எழுதி நகராட்சிக்குக் கொடுப்பேன். மறுபடியும் என் பெயரில்தான்.

வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். ஏழு குதிரையையும் அந்த போர்டுக்குக் கீழே நிறுத்தி வையுங்கள். சமுத்திரத்தை வரச் சொல்லுங்கள். ஊசியெல்லாம் நான் கொண்டு வருகிறேன். அதிகாரியும் பார்க்க விரும்பினால் வரட்டும், நான் ஒளித்துச் செய்யப் போவதில்லை.

ரத்தம் எடுத்து முடிந்ததும் வீட்டுக்கு வா என்று நீங்கள் கூப்பிடுவீர்கள். மதினியும் சோறு ஆக்கி வைத்திருப்பாள். வருவதா, அப்படியே மதுரை பஸ் ஏறுவதா என்பதை நான் அப்போது சொல்கிறேன்.

நூர்பானு